மங்களப் பத்திரிகையில் ஒரு கல்லறைத் தோட்டம்

ராசா, இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், அம்மா இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே, யாருக்கு என்ன ஆச்சோ என்று நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். தாவாதே, வரிசையாகப் படி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். பாதி உன் காதில் ஏறாது. எனக்கோ சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருக்கிறது. நேற்று மத்தியானத்திலிருந்து சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். எழுதி முடித்ததும் உனக்குப் பேசி வைத்த மாமன் மகள் செல்வியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்வேன். அவளும் படிப்பாள், படிக்கட்டும். ஊர் மெச்சாத வேலைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்குகிற எந்த அம்மா இதைப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நாகாலாந்தில் கோகிமா மலைமேல், இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் தோட்ட மேற்பார்வையாளர் வேலைக்கு உனக்கு உத்தரவு வந்திருக்கிறது. சம்மதமா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் எழுத வேண்டும். நீயோ, "விட்டுர்றேம்மா. மாமா மனசு கோணாம செல்வியக் கட்டுனாப் போதும். இந்த நர்சரியிலயே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாய். செடி வளர்ப்பையே படிப்பாகப் படித்தவன் நீ. அந்த மலையின் படத்தை எனக்கு அனுப்பியபோது உன் குரல் எப்படித் துள்ளியது என்று எனக்குத் தெரியும். விட்டுவிடுகிறேன் என்று சொன்னபோது அது எப்படித் தொங்கிப்போனது என்றும் தெரியும். பெற்றவளிடம் குரலை மறைக்க முடியாது தம்பி.

என் அண்ணன், அதுதான் உன் மாமன், இந்தச் சேதி கேட்டுக் கமுதியிலிருந்து பஸ் ஏறி இராமநாதபுரத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை, கேள்வி வந்துவிட்டது.

"ஏ புள்ள, என்ன வேலைங்கிறான் ஒம்மகன்?"

"தோட்ட வேலைண்ணே. மேற்பார்வை."

"எங்கன?"

"போர்ல செத்துப்போன சிப்பாய்களப் பொதைச்ச எடத்துல."

"சுடுகாடுன்னு சொல்லு."

"கல்லறைத் தோட்டம்ணே."

"எல்லாம் ஒண்ணுதான். எம்மக வெட்டியானுக்குப் பொண்டாட்டியாப் போறான்னு கமுதிக் கடைத்தெருவுல நாலு பேரு பேசுவான். நான் மொளகாய் மூட்டைய எறக்கிக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

உங்கள் அய்யா குறுக்கே வந்தார். "மச்சான், மொதல்ல காப்பியக் குடிங்க, ஆறுது." உன் மாமன் டம்ளரைப் பார்த்தார். "இந்த வீட்டுல காப்பி குடிக்கலாமான்னே இப்ப யோசிக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதைக் குடித்தும் விட்டார். போகும்போது, "அவன் அந்த வேலைக்குப் போனா இந்தச் சம்பந்தம் இல்ல" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அய்யா என்னைப் பார்த்து, "ஒங்க அண்ணன் தங்கச்சி பஞ்சாயத்துல நான் வரல, ஆத்தா" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

எனக்குக் கோபம் வந்தது.  ஆனால் அண்ணன் சொன்னதில் பாதி எனக்குள்ளும் இருந்தது, அதுதான் உண்மை. செத்தவர்களைப் புதைக்கிற, எரிக்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அவர்களையே தள்ளி நில் என்று சொன்ன ஊர் நம்முடையது. அந்த ஊர்ப் புத்தி எனக்கு மட்டும் இல்லாமல் எங்கே போகும்? அதனால் படிக்க ஆரம்பித்தேன். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் தேவாரம் படித்ததும் நானாகத்தான், வீட்டுக் கணக்கு எழுதப் படித்ததும் நானாகத்தான். நூலகத்தில் கேட்டேன், போனில் தேடினேன், இங்கிலீஷில் இருந்ததைச் செல்வியிடம் அனுப்பித் தமிழில் சொல்லச் சொன்னேன். தன் அய்யாவுக்குத் தெரியாமல் அவள் சொன்னாள். எடுத்த இடத்தில் வைக்க முடியவில்லை ராசா!

நீ கவனித்திருக்கிறாயா, அந்தக் காலத்துச் சண்டைகளில் செத்த சாதாரணச் சிப்பாய் என்ன ஆனான் என்று எவருமே எழுதி வைக்கவில்லை. தளபதிக்குச் சிலை வைத்தார்கள், குதிரையோடு. சிப்பாய்களை ஒரே குழியில் தள்ளி மூடினார்கள். எனக்குக் கணக்குப் புத்தியில்தான் எதுவும் விளங்கும்: பருப்பு, எண்ணெய், பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாவற்றையும் தனித்தனி வரியில் எழுதிவிட்டு, பெயர் சொல்ல வேண்டாதவற்றை எல்லாம் "இதர செலவு" என்று ஒரே வரியில் போடுவோம் இல்லையா, அப்படி அந்தச் சிப்பாய்கள் எல்லாரும் ராசாக்களின் கணக்கில் இதர செலவு. பிறகு அமெரிக்காவில் அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை மூண்டபோது, அரசாங்கமே நிலம் வாங்கி, நாட்டுக்காகச் செத்தவனை நாடுதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தது. முதலில் மரப்பலகையில் பெயர் எழுதி நட்டார்கள். பலகை மழையில் இற்றுப்போனது. அப்புறம்தான் கல்லுக்கு வந்தார்கள்.

அதற்கும் பிற்பாடு முதல் உலகப் போர் வந்தது. போருக்குப் போக வயது தாண்டிவிட்ட ஒரு இங்கிலீஷ்காரர், காயம்பட்டவர்களை ஏற்றுகிற வண்டிகளுக்குப் பொறுப்பாகப் பிரான்சுக்குப் போயிருக்கிறார். போகிற வழியெல்லாம் குச்சி நட்ட குழிகள். எந்தக் குழி எவனுடையது என்று பார்க்க ஆளில்லை. அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவராகவே தம்முடன் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு குழியாகப் போய்ப் பெயரைக் குறித்தார், அழிந்ததைத் திரும்ப எழுதினார். சேதி பரவியதும் ஊரிலிருந்து அம்மாக்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள்: என் மகன் எங்கே கிடக்கிறான், ஒரு படமாவது எடுத்து அனுப்ப முடியுமா என்று. அந்த ஒரு கிறுக்கில்தான் உலகத்தின் பாதிப் போர்க் கல்லறைகள் முளைத்தன. நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது. யாரும் கேட்காத ஒரு வேலையை ஒருவர் செய்யத் தொடங்கினார், அவ்வளவுதான்!

அப்போது ஒரு பெரிய சண்டை வந்தது. காசுள்ளவர்கள் தங்கள் பிள்ளையின் உடலைக் கப்பலேற்றிக் கொண்டுவர நினைத்தார்கள், பெரிய சலவைக்கல் மண்டபம் கட்ட நினைத்தார்கள். கல்லறைகளுக்குப் பொறுப்பேற்றிருந்தவர்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் செத்த மண்ணிலேயே கிடக்கட்டும், எல்லாருக்கும் ஒரே அளவு கல், அதிகாரி என்றும் கூலிக்காரன் என்றும் பேதமில்லை என்றார்கள். பெற்றவர்கள் மனு மேல் மனு போட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று, அந்த அம்மாக்களின் பக்கம்தான் நான் நின்றேன். ஆனால் மறுநாள் யோசித்தேன்: உடலைக் கொண்டுவரக் காசில்லாத அம்மாவுக்கு அப்போது யார் பேசுவார்கள்? உடல் கிடைக்காதவர்களின் பெயரை எல்லாம் பெரிய சுவர்களில் வெட்டினார்கள். நம் ஆட்களை நம் முறைப்படி எரித்தார்கள். கோகிமாவில் அந்த மலையின் உச்சித் தளத்தில் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் அப்படி ஒரு நினைவிடம் இருப்பதாக நீயே சொன்னாய். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் காசியிலிருந்து வந்தவனும் சரி, நம் ஊர்க்காரனும் சரி, செத்தவருக்கு நீர் விடும்போது பெயரைச் சொல்லித்தானே விடுகிறான்? பெயர் தெரியாமல் நீர் விட முடியாது. இது அந்தச் சீமைக்காரர்களுக்கும் விளங்கியிருக்கிறது பார்!

விளங்காத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சமம் என்று சட்டம் போட்டவர்களே, முதல் போரில் சில தேசங்களில் நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் வெட்டாமல் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் வெட்டிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அது தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு முடிவு வந்தது. தம்பி, அந்தத் தோட்டத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவன் நிற்க வேண்டும். பெயரைப் படிக்கத் தெரிந்த, அதை உச்சரிக்கத் தெரிந்த ஆள். வேண்டாமா?

இதெல்லாம் எனக்குச் சரி, உன் மாமனுக்கு எப்படிச் சொல்வது? நல்ல வேளையாகச் சென்னையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. நானும் அவரும் செல்வியும் ரயிலில் போனோம். கல்யாணத்துக்கு மறுநாள், விமான நிலையம் போகிற பக்கம் இதே மாதிரி ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அங்கே போவோம் என்றேன். உன் மாமன் வர மாட்டேன் என்றார். "நீங்க வரலேன்னா நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஆட்டோவுல போறோம்யா" என்றாள் செல்வி. மகளைத் தனியாக விட மனமில்லாமல் வந்தார். வந்தவர் வாசலோடு நின்றுகொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன மரத்தடியில நிக்கிறேன்."

"அய்யா, பகல்ல பேய் வராது."

"வாயக் கொறை. படிக்க வச்சது தப்பாப் போச்சு."

நானும் செல்வியும் உள்ளே போனோம். நான் எதையோ நினைத்துப் போனேன், பார்த்தது வேறு. விளிம்பு வெட்டின புல்தரை, வரிசை பிசகாத வெள்ளைக் கற்கள், ஒவ்வொரு கல்லின் காலடியிலும் பூ. நந்தவனம்தான், வேறு சொல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் உன் மாமனைக் காணோம். செல்வி பயந்துவிட்டாள். பார்த்தால் அவர் உள்ளேதான், செருப்பை எங்கோ விட்டுவிட்டு, ஒரு கல்லுக்கு முன்னால் குத்தவைத்து மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! பக்கத்தில் ஒரு தோட்டக்காரர்.

"இங்கன கோரைய எப்படிப்பா ஒழிச்சீக? எம்மொளகாய்த் தோட்டத்துல தல முடியாட்டம் மொளைக்குது."

"ஒழிக்கலண்ணே. தெனமும் புடுங்குறோம்."

உன் மாமன் சிரித்துவிட்டார். "அது சரி, பூ எல்லாம் உசரமா பின்னால இருக்கு, கல்லுக்கு முன்னால மட்டும் ஏன் இந்தக் குட்டைச் செடி?"

"மழை பேஞ்சா மண்ணு தெறிக்கும்ல? தெறிச்சுப் பேரு மேல ஒட்டிக்கிரும். அதுக்காகத்தான் முன்னால இது."

உன் மாமன் எழுந்திருக்கவில்லை. அந்தக் குட்டைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மண் தெறிக்கிற தூரம் ஒரு விவசாயிக்குத்தானே தெரியும்! பிறகு செல்வியைக் கூப்பிட்டார். "ஏத்தா, இதப் படி. இவரு யாரு?"

"மேஜருய்யா. பெரிய அதிகாரி."

"இந்தப் பக்கத்துக் கல்லு?"

"டிரைவரு. இருவது வயசு."

உன் மாமன் என்ன செய்தார் தெரியுமா? மேஜரின் கல்லைச் சாண் போட்டு அளந்தார். அப்புறம் டிரைவரின் கல்லை அளந்தார். நம்பாமல் திரும்பவும் மேஜரிடம் போனார். கமுதிப் பக்கம் செத்தவனின் சமாதி உயரத்தை வைத்தே அவன் எத்தனை ஏக்கர் வைத்திருந்தான் என்று சொல்லிவிடலாம் என்பது உனக்குத் தெரியும். "வித்தியாசமே இல்லையேடி" என்றார்.

"அய்யா, அடியில இருக்கிறது அவுக வீட்டுல எழுதச் சொன்னதாம். அப்பாவும் அம்மாவும் ஒன்னைய மறக்கலப்பான்னு போட்டுருக்கு."

"அந்த ஆத்தா வந்து பாத்திருக்குமா?"

"கப்பல்ல வரணும். எப்படிய்யா வரும்?"

"அப்ப இவன யாரு பாத்துக்கிறா?"

 தோட்டக்காரர் அதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்க் குனிந்து பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். செல்வி அந்தப் பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான். உன் மாமனும் பார்த்தார். ராசா, நான் தேவாரத்தில் படித்த கைத்தொண்டு எதுவோ, அது அங்கே ஒரு கத்தரிக்கோலோடு குனிந்து நின்றது.

சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கே போய் வருகிறோம் என்று தெரிந்ததால் அந்த வீட்டம்மாள் வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தாள். இழவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றாமல் உள்ளே வர முடியாது அல்லவா? "அண்ணே, தண்ணி வச்சிருக்கேன்" என்றாள். உன் மாமன் வாளியைத் தாண்டி நடந்தார். "எதுக்கு? கோயிலுக்குப் போயிட்டு வந்த காலோட கழுவாம உள்ள வரணும்னு ஒனக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்று கேட்டுக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்வி என் கையைக் கிள்ளிய கிள்ளில் இன்னும் தழும்பு இருக்கிறது. ரயிலில் நான் அந்தப் பையன்களின் அம்மாக்களைப் பற்றிச் செல்வியிடம் பேசிக்கொண்டே வந்தேன். அவரோ இராமநாதபுரம் வந்து சேரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சம்பந்தம் உண்டா இல்லையா என்று கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை. அதனால்தான் இதையெல்லாம் உன்னிடம் அப்போதே சொல்லவில்லை.

நேற்றுக் காலை அவரிடமிருந்து போன். "ஏ புள்ள, அரமனைப் பக்கம் அச்சாபீசுக்கு வா." ஓடினேன். அங்கே அவருக்கும் அச்சகக்காரருக்கும் வாக்குவாதம். மேசை மேல் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி! தை மாதம் முகூர்த்தம் குறித்தே கொண்டுவந்திருக்கிறார் மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். செல்வி பெயருக்குக் கீழே அவள் படிப்பு. உன் பெயருக்குக் கீழேதான் தகராறு.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் அச்சகக்காரர். "மஞ்சத் தடவிக் குடுக்கிற பத்திரிகை. அதுல கல்லறைன்னு போடலாமா? நாளைக்கு என்னையத்தான் வைவாக. வடநாட்டில் பணின்னு போட்டுர்றேன்."

"வடநாட்டுல பானிபூரி விக்கிறவனும்தான் இருக்கான்" என்றார் உன் மாமன். "எம்மருமகன் என்ன களவாங்கவா போறான், மறைச்சுப் போட? நான் சொன்னத அப்படியே போடு."

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். மேலே பிள்ளையார். கீழே உன் பெயர். அதற்குக் கீழே "கல்லறை". ராசா, உன்னிடம் மறைக்க மாட்டேன், என் கை தானாகத் தாலிக்குப் போய்விட்டது. இத்தனை நாள் படித்ததும் பேசியதும் ஒரு நொடியில் எங்கோ போய், பெற்ற வயிறு மட்டும் நின்றது. மங்களச் செய்தியில் அந்தச் சொல்லா, என் பிள்ளையின் பெயருக்கு அடியிலா என்று. அச்சகக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தீகளா, அக்காவே யோசிக்குது" என்றார்.

"என்ன புள்ள முழிக்கிற?" என்றார் உன் மாமன். "இத்தன நாளா ஓதுனது நீதான? அந்தப் பயலுக ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஆத்தா இருந்தான்னு ரயில்ல நீ சொன்னது எங்காதுல விழலேன்னு நெனைச்சியா?"

அந்த ஆத்தாக்களை நினைத்தேன். கப்பல் ஏற முடியாதவர்கள், படமாவது அனுப்பு என்று எழுதியவர்கள். என் மகன் அவர்களுடைய மகன்களின் பெயரில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளப் போகிறான். இதைவிட மங்களமான சேதி ஒரு பத்திரிகையில் வேறு என்ன இருக்கிறது? தாலியிலிருந்து கையை எடுத்தேன். "முழுசாப் போடுங்க தம்பி" என்றேன். "தோட்ட மேற்பார்வையாளர், போர்வீரர் கல்லறைத் தோட்டம், கோகிமா. எழுத்தக் கொஞ்சம் பெருசாவே போடுங்க."

நீ அங்கே போனபின் செய்ய வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கல்யாணக் கூட்டத்தில் மறந்துவிடுவேன். பார்க்க வருகிறவர்கள் முன்வரிசையோடு திரும்பிவிடுவார்கள். நீ தினமும் கடைசி வரிசையிலிருந்து வேலையைத் தொடங்கு. சிலுவை போட்ட கல், பிறை போட்ட கல், நம் பெயர் வெட்டிய சுவர் என்று கையில் பேதம் வரக்கூடாது. உன் கீழே வேலை செய்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. செல்விக்கு அந்தக் குளிர் புதுசு. அவளை முதலில் அந்தத் தோட்டத்துக்குத்தான் கூட்டிப் போக வேண்டுமாம், அவளே சொல்லச் சொன்னாள். சாமியைக் கும்பிட மறக்காதே. வேலை முடிந்து களைத்த நாளில் மறந்தால் பரவாயில்லை, அன்றைக்கு வேலையே கும்பிட்டதாகக் கணக்கு.

அச்சாபீசை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "அண்ணே, அவன் வேண்டாம்னு எழுதப் போறேன்னு சொல்லிட்டானே! ஒங்களுக்குப் பயந்துதான். அவன்கிட்டக் கேக்கவே இல்லையே!" என்றேன். உன் மாமன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "கேக்கணுமா? ஊரு பூராவுக்கும் அடிக்கக் குடுத்தாச்சு. இனி அவன் போகலேன்னா பத்திரிகை பொய்யாப் போகும். என் வாழ்நாள்ல நான் யாருக்கும் பொய்ப் பத்திரிகை வச்சதில்லன்னு அவன்கிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டேன். மை காய்ந்துகொண்டிருக்கிறது ராசா. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் அவர்களுக்கு எழுது, வருகிறேன் என்று.

உன் அம்மா